மதகோரத்து ஒன்பது கயிறுகள்

எண்ணுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. கடலோரத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில், குளிரூட்டிய ஓர் அறையில் உட்கார்ந்து, சுற்று வட்டாரத்துப் பாலிலும் மீனிலும் மண்ணிலும் கதிரியக்கம் எவ்வளவு என்று கருவி எண்ணிச் சொல்வதைச் சரிபார்ப்பேன். ஓய்வு பெற்ற அன்று கருவியை விட்டுவிட்டு வந்தேன். பழக்கம் கூடவே வந்துவிட்டது. மாமல்லபுரம் பேருந்தில் ஏறினால் சிற்பக்கூட வாசல்களில் தும்பிக்கை முடியாமல் நிற்கும் பிள்ளையார்களை எண்ணுவேன். கடைக்காரர் எண்ணிப் போட்ட முருங்கைக்காயை நான் ஒருமுறை எண்ணுவேன். வீட்டில் இதற்கு நல்ல பெயர் இல்லை.

ஆகையால் என் தங்கை மகன் செய்யூர்ப் பக்கம் உப்பங்கழிக் கரையில் இறால் குட்டை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தபோது எனக்கு ஒரு போக்கிடம் கிடைத்தது. இறால் தொழிலில் பெரியது, சிறியது என்று யாரும் சொல்வதில்லை. ‘கவுண்ட்’ என்கிறார்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் பேச்சு. முப்பது நின்றால் நல்ல இறால். எழுபது நின்றால் பொடி. எண்ணிக்கை இறங்க இறங்க மதிப்பு ஏறும் வேறு சரக்கை நான் பார்த்ததில்லை. வாரம் ஒரு நாள் ஈ.சி.ஆர். பேருந்து பிடித்து, பிறகு ஷேர் ஆட்டோவில் மாறி, குட்டைக் கரையில் போய் நின்றுவிடுவேன்.

மருமகன் அதற்கு முன் ஐ.டி. கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். இறாலில் இறங்கிய பிறகு இரண்டு முறை வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டை முழுக்கச் செத்து ஒதுங்கியது. இது மூன்றாவது போகம். இதுவும் போனால் குத்தகையை விட்டுவிட்டு மறுபடி வண்டி ஓட்டப் போக வேண்டும் என்று அவன் மனைவி சொல்லிவிட்டாள், அவனும் தலையாட்டிவிட்டான். அவள் சொன்னதில் எனக்கும் தப்புத் தெரியவில்லை. ஆனால் குட்டைக் கரையில் நடக்கும்போது அவன் முகம் இருக்கும் இருப்பை, வண்டி ஓட்டிய காலத்தில் நான் பார்த்ததே கிடையாது.

கூட்டாளி ஒருவன் உண்டு. பக்கத்து மீனவக் குப்பத்துக்காரன். வலை, மோட்டார், மதகு எல்லாம் அவன் பொறுப்பு. என்னை நேரில் ‘சாரு’ என்பான், முதுகுக்குப் பின்னால் ‘பெர்சு’ என்பான். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது.

இந்தப் போகத்தில் மருமகன் ஒரு வைராக்கியத்தோடு இருந்தான். ஏற்றுமதிக் கம்பெனிக்கு மட்டுமே கொடுப்பது, அதற்காக ஒரு துளி மருந்துகூடக் குட்டையில் விடுவதில்லை என்று. இறால் குட்டைகளைச் சுற்றிப் பைக்கில் விற்பனைக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தெம்புக்கு ஒரு பொடி, குடலுக்கு ஒரு பாட்டில், சீக்கிரம் எடை ஏற ஒரு பாக்கெட். வேலிப் படலில் ‘மருந்து விற்பவர்கள் உள்ளே வரக் கூடாது’ என்று பலகை மாட்டினான். அவர்கள் பலகையை நின்று படித்துவிட்டு உள்ளே வந்தார்கள். வந்தவர்களை இவன் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினான். தீவன மூட்டையைக்கூட அச்சடித்த எழுத்தை முழுதும் படித்த பிறகுதான் பிரிப்பான்.

இறால் நாற்பது கவுண்ட்டுக்கு வந்தபோது கம்பெனியிலிருந்து சாம்பிள் எடுக்க ஒரு பெண் வந்தாள். படித்து முடித்துச் சில வருடம் ஆகியிருக்கும். ஸ்கூட்டியின் முன்னால் ஐஸ் பெட்டி. மதகுப் பக்கம் மூங்கில் பாலத்திலிருந்து தீவனத் தட்டைத் தூக்கினாள். இறால் தீனி தின்கிறதா என்று பார்க்கத் தண்ணீரில் இறக்கி வைக்கும் வலைத்தட்டு அது. அதில் குதித்தவற்றைப் பையில் போட்டு, முத்திரை வைத்து, எடுத்துப் போனாள். மருமகன் கவலையில்லாமல் கையசைத்தான்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. இறாலில் ஒரு மருந்தின் எச்சம் இருக்கிறது. கம்பெனி வாங்காது.

நான் போன அன்று கரையில் அவர்கள் இருவரும் சண்டை போட்டு ஓய்ந்திருந்தார்கள்.

“மாமா, நான் ஒண்ணுமே போடல. நீங்க பாத்தீங்கல்ல?” என்றான் மருமகன்.

“அவுங்க மிசினு கோளாறு, சாரு,” என்றான் கூட்டாளி. “இன்னாத்துக்கு பேஜாரு? நாளைக்கே புட்ச்சி மெட்ராஸ் மார்க்கெட்டுக்கு ஏத்திடலாம். அங்க எவன் கேக்கப் போறான்?”

அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த விலைக்கு விற்றால் தீவனக் கடை பாக்கி தீரும், அவ்வளவே. அடுத்த போகத்துக்குக் குத்தகை கட்ட முடியாது. விற்றாலும் தோல்வி, விற்காவிட்டாலும் தோல்வி என்று மருமகன் மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கம்பெனி ஒரு வழி விட்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு சாம்பிள் எடுப்பார்கள். அது சுத்தமாக இருந்தால் வாங்கிக்கொள்வார்கள். அதிலும் மருந்து தெரிந்தால் இந்தக் குட்டையின் பதிவு எண்ணையே தங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எதை நிறுத்துவது?

அன்று வீட்டுக்கு வந்ததும் அந்த மருந்தின் பெயரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வாயில் நுழையாத பெயர். படிக்கப் படிக்க விசித்திரமாக இருந்தது. அது இறாலுக்கான மருந்தே அல்ல; கோழிக்கானது. நோயுற்ற கோழிக்கு மட்டும் கொடுப்பது என்றும் இல்லை. நன்றாக இருக்கும் கோழியின் தீவனத்திலும் இம்மியளவு கலந்தால் அது சீக்கிரம் எடை ஏறுமாம். ஏன் ஏறுகிறது என்பது முழுதாக யாருக்கும் தெரியவில்லை. குடலில் இருக்கும் கிருமிகள் அடங்கிப்போவதால் தின்றதெல்லாம் சதையாகிறது என்கிறார்கள். காரணம் தெரியாமலே உலகம் முழுவதும் நெடுங்காலம் கலந்திருக்கிறார்கள்.

அங்கிருந்து வேறு கிளைக்குத் தாவினேன். பன்றிக்கும் மாட்டுக்கும் கொழுப்பைக் குறைத்துச் சதையை ஏற்ற இன்னொரு தீவனச் சேர்க்கை இருக்கிறது. சில நாடுகளில் அது சட்டப்படி சரி; சில நாடுகளில் அதன் வாடை இருந்தாலே கப்பல் திரும்ப வேண்டும். இறைச்சியில் எவ்வளவு வரை இருக்கலாம் என்று சர்வதேச சபையில் உட்கார்ந்து பேசித் தீராமல், கடைசியில் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்தார்களாம். மயிரிழையில் ஒரு பக்கம் ஜெயித்தது. எனக்கு அன்று தூக்கம் கெட்டதற்கு இதுதான் காரணம். ஓர் அளவை நாங்கள் கருவி வைத்துக் கண்டுபிடிப்போம். ஓட்டு எண்ணிக்கை வைத்தும் கண்டுபிடிக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதைவிட என்னை அரித்தது ‘இருக்கவே கூடாது’ என்ற விதி. சில மருந்துகளுக்கு இவ்வளவு வரை இருக்கலாம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். சிலவற்றுக்குப் பூஜ்யம்தான் எல்லை. என் அறையில் நான் ஒருநாளும் பூஜ்யத்தைப் பார்த்ததில்லை. கருவிக்குள் ஒன்றுமே வைக்காமல் மூடினாலும் அது எதையாவது எண்ணிக்கொண்டேதான் இருக்கும். நாங்கள் ‘இல்லை’ என்று எழுத மாட்டோம், ‘கண்டறியப்படவில்லை’ என்றுதான் எழுதுவோம். அப்படியானால் கருவி கூர்மையாக ஆக ஆக, நேற்று சுத்தமாக இருந்த அதே இறால் நாளைக்கு அசுத்தமாகிவிடும். இறால் பாவம், அது அதேபடிதான் நீந்திக்கொண்டிருக்கிறது.

இதைப் போனில் மருமகனிடம் விளக்கினேன்.

“மாமா, அதெல்லாம் அப்புறம். கோழி எங்கேருந்து வந்துச்சு? அத சொல்லுங்க.”

மறுநாளே குட்டைக்குப் போனேன். மூவருமாகக் கோழியைத் தேடினோம். குட்டையில் கோழி கிடையாது. காவல் கொட்டகையிலும் இல்லை. வேலிக்கு அப்பால் சவுக்குத் தோப்பில் கழுத்தில் ரோமம் இல்லாத நாட்டுக்கோழி ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அதைக் கூட்டாளி சந்தேகத்தோடு பார்த்தான்.

“அது எடை ஏத்துற தீவனம் தின்ன மாதிரியா கீது, சாரு? அதுக்கே யாராச்சும் சத்துப் பொடி குடுக்கணும்.”

வேலையாட்கள் சாப்பிட்ட கோழி எலும்பு தண்ணீரில் விழுந்திருக்குமோ என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது. கழியில் மேலே யாராவது கோழிக் கழிவைக் கொட்டுகிறார்களா என்று மருமகன் பைக்கில் போய்ப் பார்த்துவந்தான். நீர்க்காகங்களும் சேறும்தான் இருந்தன.

நான் களைத்துப்போய் மூங்கில் பாலத்தில் உட்கார்ந்தேன். கண் தன் பாட்டில் எண்ண ஆரம்பித்தது. தண்ணீரைக் கடையும் ஏரேட்டர் சக்கரங்கள், அவற்றின் இறக்கைகள், மதகுக் கட்டையில் கட்டியிருக்கும் தேங்காய் நார்க் கயிறுகள். கயிறுகள் ஒன்பது. நான் மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். முன்பு ஒருமுறை இதே இடத்தில் உட்கார்ந்து எண்ணியபோது ஐந்து இருந்தன. மதகு வலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு என்று அப்போது நானே முடிவு செய்துகொண்டேன். வலை ஒன்றுதான், கயிறு எதற்கு ஏறுகிறது?

“இது இன்னாப்பா?” என்று கேட்டேன். அங்கே போய்ப் போய் எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

“எது? அதுவா? எரு மூட்ட, சாரு. தண்ணிக்குக் கலரு வோணுமில்ல?”

குட்டைத் தண்ணீர் தெளிவாக இருக்கக் கூடாது. தெளிந்தால் வெயில் அடிவரை இறங்கிப் பாசி பிடித்து இறால் மிரளும். இளம்பச்சையாக ஒரு கலங்கல் வேண்டும். அதற்காக எருவைச் சாக்கில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவார்கள். டீத்தூள் பை மாதிரி மெல்ல இறங்கி நிறம் பிடிக்கும். கலர் வெளுக்கும்போதெல்லாம் கூட்டாளி ஒரு சாக்கைக் கூட்டியிருக்கிறான்.

“என்ன எரு?” என்றேன்.

கூட்டாளி சவுக்குத் தோப்புக் கோழியைத் திரும்பிப் பார்த்தான்.

“மச்சான்,” என்றான் மருமகன் மெதுவாக. “என்ன எருடா அது?”

கோழி எரு. மதுராந்தகம் பக்கம் கூட்டாளியின் மனைவியின் அண்ணன் கறிக்கோழிக் கொட்டகை வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை கொட்டகையைச் சுரண்டும்போதும் தங்கை வீட்டுக்காரனுக்கென்று நல்ல காய்ந்த எருவாகப் பார்த்து அனுப்பிவைப்பார். சொந்தக்காரர் அன்போடு அனுப்புவது.

நான் ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தேன். என்னால் முடியவில்லை. கூட்டாளி வந்து தூக்கினான். சாக்கு ஊறித் தொளதொளவென்று வந்தது. அதன் மேல், அடியில், மடிப்பில் எல்லாம் இறால்கள் ஒட்டிக்கொண்டு கொறித்துக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே தீவனத் தட்டு. அந்தப் பெண் சாம்பிள் எடுத்த தட்டு.

“நான் மருந்து போடலியே, மச்சான். எருதான போட்டேன்!” என்றான் கூட்டாளி.

மருமகன் கத்துவான் என்று நினைத்தேன். அவன் வேலிப் படலில் மாட்டியிருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். “எவ்ளோ பேர டீ குடுத்துத் தொரத்துனேன், மாமா! கடைசில நாமளே கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கிறோம்.”

கோழி தின்ற மருந்தில் பெரும்பங்கு அதன் கழிவோடு வெளியே வந்துவிடும் என்று நான் படித்ததைச் சொன்னேன். கோழி தின்றது எருவானது, எருவை இறால் தின்றது. அந்த இறாலைத்தான் கடலைத் தாண்டும் முன்பே ஒரு கருவி பிடித்திருக்கிறது.

ஒன்பது சாக்குகளையும் அன்றே தூக்கினார்கள். மதகோரத்துச் சேற்றை வாரி வெளியே கொட்டினார்கள். கடல் ஏறும் நேரம் பார்த்து நல்ல தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றினார்கள், பழையதை இறக்கினார்கள். மருந்து இறாலின் உடம்பிலிருந்து தானாக வெளியேறக் காத்திருப்பது ஒன்றுதான் பாக்கி. அந்தக் காத்திருப்புதான் ஆபத்து. இரண்டு குட்டை தள்ளி வெள்ளைப்புள்ளி வந்துவிட்டது. அங்கே செத்த இறாலைக் காக்கை ஒன்று கவ்விவந்து இங்கே நழுவவிட்டால் போதும், மூன்றாவது போகமும் முடிந்தது. கரை முழுக்கப் பறவை விரட்டும் மினுமினு நாடாவைக் கட்டினார்கள். கூட்டாளி குப்பத்திலிருந்து தன் அம்மாவையே கூட்டிவந்து தகர டப்பாவும் குச்சியுமாக உட்கார வைத்தான். அந்த அம்மாளுக்குக் காக்கையைத் திட்ட என்று தனியாக ஒரு சொற்களஞ்சியம் இருந்தது. அச்சில் வராது.

தினமும் கூட்டாளி ஒருமுறை கேட்பான், “இன்னா மச்சான், இப்பவே புட்ச்சிடலாமா?” தினமும் மருமகன் கரையைச் சுற்றிவந்துவிட்டு, “இன்னிக்கு வேணாம்” என்பான். நான் வீட்டிலிருந்து போன் செய்து எத்தனை காக்கை வந்தது என்று கேட்பேன். ஒருநாள் மருமகன் போனை எடுக்கவில்லை. அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன் சார்ஜில் இருந்ததாம்.

சொன்ன நாளில் அந்தப் பெண் ஐஸ் பெட்டியோடு வந்தாள். கூட்டாளி முந்திக்கொண்டான். வீச்சுவலை தோளில் தயாராக இருந்தது.

“வாம்மா, அந்தாண்டக் கரையில அடிக்கிறேன். நல்ல பெரிய எறாவா சுத்திகினு கீது.”

அந்தாண்டக் கரை மதகிலிருந்து மிகத் தூரம். அங்கே ஒருநாளும் சாக்குத் தொங்கியதில்லை. எனக்குப் புரிந்தது. மருமகனுக்கும் புரிந்தது. அவன் குட்டை, அவன் பாடு.

“வேணாம்,” என்றான் மருமகன். “மேடம், இங்க எடுங்க. மதகோரம். போன தடவ எடுத்த அதே தட்டுல.”

“லூசாடா நீ?” கூட்டாளி அந்தப் பெண் இருப்பதையும் மறந்து கத்தினான். “போச்சின்னா இன்னா பண்ணுவ? திரும்ப வண்டி ஓட்டப் போறியா?”

“அங்க எடுத்து இல்லன்னு வந்தா எனக்கு என்ன தெரியும்? இங்க எடுத்து இல்லன்னு வந்தாதான் குட்டையிலயே இல்லன்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்சாவணும், மச்சான். அடுத்த போகமும் நான்தான இதுல நிக்கணும்?”

அந்தப் பெண் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பாலத்தில் நடந்துபோய்த் தட்டைத் தூக்கினாள். பைக்குள் விழுந்தவற்றை நான் எண்ணினேன். கூட்டாளி வலையைத் தரையில் போட்டுவிட்டுத் தன் அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டான். அவள் டப்பாவைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

ஐந்து நாள் கழித்து, காலை நாஸ்தா நேரத்தில், மருமகன் எனக்குப் போன் செய்தான். ஹலோ சொல்லவில்லை.

“கண்டறியப்படவில்லைன்னு வந்திருக்கு, மாமா.”

“நல்லது. ஆனா கண்டறியப்படலன்னா பூஜ்யம்னு அர்த்தமில்ல. அந்தக் கருவி எது வரைக்கும்...”

“மாமா, போன வச்சிடறேன்,” என்றான். அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

அறுவடைக்கு நானும் போனேன். விடிந்ததும் மதகைத் திறந்து பை வலை கட்டினார்கள். இறால் கண்ணாடி மழை போல வலைக்குள் பொழிந்தது. முப்பத்தாறு கவுண்ட்டில் நின்றது. கூடைக்கு ஒரு கிலோவாக நான் எண்ணிப் பார்த்தேன். கம்பெனி ஆளும் எண்ணினார். இருவருக்கும் ஒன்று வித்தியாசம் வந்தது. மறுபடி எண்ணினோம். அவருடையதுதான் சரி. ஐஸ் நிரப்பிய பெட்டிகள் லாரியில் ஏறின. கையுறை போடாத ஆளை மருமகன் பக்கத்தில் விடவில்லை.

அறுவடை அன்று வலை இழுக்கும் ஆட்களுக்குக் கோழி பிரியாணி போடுவது இந்தக் கரையில் வழக்கம். சவுக்கு நிழலில் பெரிய தவலை இறங்கியது. கூட்டாளியின் மைத்துனர், அந்த மதுராந்தகத்துக்காரர், தானே நேரில் வந்திருந்தார். தன் எருவால் வந்த வினைக்குப் பரிகாரமாகப் பன்னிரண்டு கோழிகளைக் கொண்டுவந்திருந்தார். கொழுகொழுவென்று இருந்ததாகக் கூட்டாளி பெருமைப்பட்டான்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கோழிக்கு என்ன தீவனம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எனக்கு இன்னா தெரியும், சார்? குஞ்சும் கோழிக் கம்பெனிக்காரங்களே குடுக்குறாங்க, தீனியும் அவுங்களே மூட்டையில அனுப்புறாங்க. வளத்துக் குடுக்குறது நானு. மூட்டையில ஒண்ணும் எழுதல. கோழி மட்டும் சும்மா தளதளன்னு வரும்.”

கம்பெனி லாரியோடு வந்திருந்த அந்தச் சாம்பிள் பெண் எதிரில் உட்கார்ந்து கால் துண்டைக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பாவம், காலையிலிருந்து பட்டினி.

“ஏம்மா,” என்றேன். “இதுக்கு யாராவது சாம்பிள் எடுப்பாங்களா?”

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். கையிலிருந்த துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இது எக்ஸ்போர்ட் இல்லியே, சார்,” என்றாள்.

“இன்னா பெர்சு, கோழிக்கு ஜாதகம் பாக்குறியா?” முதல் முறையாக நேரிலேயே சொல்லிவிட்டுக் கூட்டாளி என் இலையில் இன்னொரு கரண்டி வைத்தான். “துண்ணு. உன் கயிறு இல்லன்னா இன்னிக்கு பிரியாணியே கெடையாது.”

லாரி கிளம்பியது. மருமகன் வேலிப் படல் வரை அதன் பின்னாலேயே நடந்துபோய், பலகைக்குப் பக்கத்தில் நின்று மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். அடுத்த போகத்துக்குத் தண்ணீர்க் கலருக்குத் தவிடும் வெல்லமும் புளிக்க வைத்து ஊற்றலாமாம், யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் உரக்க விளக்கிக்கொண்டிருந்தான். வண்டி ஓட்டப் போவதைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

சேற்றோடு கரையில் கிடந்த ஒன்பது சாக்குகள் காய்ந்துவிட்டிருந்தன. அவற்றை என்ன செய்யப் போகிறாய் என்று கூட்டாளியைக் கேட்டேன். வேர்க்கடலைக்குப் போடலாம் என்றான்.

என் இலையில் நான்கு துண்டுகள் இருந்தன. பசித்தது. நான்கையும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. பேருந்தில் திரும்பும்போது, மாமல்லபுரம் வரை, பிள்ளையார்களை எண்ண மறந்துவிட்டேன்.